வீட்டுக் கணிப்பொறியும் விளையாட்டுக் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பின் சுவையையும் கம்பன் கவிநயத்தையும் கேட்டு மகிழ்ந்த செவிகளுக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். வீட்டுக் கணிப்பொறிகள், அவற்றில் ஆடப்பட்ட விளையாட்டுகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசப் போகின்றோம். முதியவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

சென்ற பொங்கலுக்கு முன் நம் சங்க அறைக்கு வெள்ளையடிக்க நேர்ந்தது. நூலகத்து இரும்பு அலமாரியை நகர்த்தியபொழுது, பழைய ஆண்டு மலர்க் கட்டுகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டி அகப்பட்டது. திறந்து பார்த்தால், பள்ளிக் குறிப்பேட்டளவே உள்ள கருநிறப் பொறி ஒன்று. அதன் மேல் 40 சாம்பல் நிற ரப்பர் விசைகள்; வலப்புற ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, இளநீலம் என நான்கு வண்ணக் கீற்று. அதுதான் இங்கிலாந்து நாட்டு ‘இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணிப்பொறி. வெளிநாட்டுப் பணி முடித்துத் திரும்பிய நம் உறுப்பினர் ஒருவர், 1985-ஆம் ஆண்டில் மாற்றலாகிச் செல்லும்பொழுது, காலனிப் பிள்ளைகள் பயிலட்டும் என்று சங்கத்துக்கு அளித்துச் சென்ற பரிசு அது. அதனைக் கண்டதும் நம்மில் மூத்தோர் சிலர் தலை குனிந்து நின்றோம். தலை குனிந்த காரணத்தைச் சொல்லுமுன், அப்பொறி எத்தகையது, அது உலகுக்குச் செய்தது என்ன என்பதை எடுத்துரைப்பது முறையாகும்.

கணிப்பொறி தோன்றிய காலத்தில் அது அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரும் பொருள். அதனை அணுகும் பேறு அறிஞர் சிலர்க்கே வாய்த்தது. ஆயினும் அங்கும் விளையாட்டு நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்விக்கூடத்து இளைஞர்கள் 1962-இல், இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலையுள்ள ஒரு பொறியில், இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தை உருவாக்கினர். அதற்கு ‘ஸ்பேஸ்வார்’ என்று பெயர். யாரும் அவர்களை ஆடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கும் அறிவு எங்கு உண்டோ அங்கு ஆடிப் பார்க்கும் ஆசையும் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

1977-ஆம் ஆண்டில் கணிப்பொறி வீட்டுக்குள் அடியெடுத்து வைத்தது. ஆப்பிள் இரண்டு, கொமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என்னும் மூன்று பொறிகள் அவ்வாண்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஆப்பிள் இரண்டை வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் அதற்கு முன்னர் ‘பிரேக்அவுட்’ என்னும் செங்கல் உடைக்கும் ஆட்டத்துக்கு மின்சுற்று அமைத்துக் கொடுத்தவர். அதே ஆட்டத்தைப் ‘பேசிக்’ என்னும் எளிய கட்டளை மொழியில் எழுதி ஆட வேண்டும் என்ற விருப்பத்தாலேயே, தம் பொறியில் வண்ணத்தையும் ஒலியையும், திருகி ஆடும் கைப்பிடியையும் சேர்த்ததாக அவரே கூறியிருக்கின்றார். வணிகக் கணக்குக்கும் பள்ளிப் பாடத்துக்கும் பின்னாளில் பெரிதும் பயன்பட்ட ஒரு பொறியின் சிறப்புகள் பல, ஆட்டத்தின் பொருட்டே பிறந்தன. இதனை நாம் நினைவில் கொள்ளுதல் நன்று.

1980-இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் என்பவர், நூறு பவுண்டுக்குள் அடங்கும் கணிப்பொறியை மக்களுக்கு அளித்தார். அடுத்த ஆண்டில் அதனினும் மலிவான இசட்.எக்ஸ்.-81 வந்தது. தாமே இணைத்துக்கொள்ள வல்லார்க்கு அதன் விலை ஐம்பது பவுண்டுக்கு ஐந்து காசு குறைவு. அதன் நினைவகமோ ஒரே ஒரு கிலோபைட். அந்த ஒரு கிலோபைட்டில் டேவிட் ஹார்ன் என்பவர் சதுரங்கம் ஆடும் நிரலை எழுதி முடித்தார். இந்த மேடையில் நாம் இதுவரை பேசியதை எழுதி வைக்கவே அந்த இடம் போதாது; அவ்விடத்துக்குள் ஒரு பொறி மனிதனை எதிர்த்துச் சதுரங்கம் ஆடியது!

1982 ஏப்ரல் திங்களில் ஸ்பெக்ட்ரம் வெளிவந்தது. 16 கிலோபைட் கொண்டது 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. அதே ஆண்டில் அமெரிக்காவில் கொமடோர்-64 வந்தது. அதற்கு 595 டாலர், 64 கிலோபைட் நினைவகம், 16 வண்ணங்கள், திரையில் தனித்தனியே நகரும் எட்டு உருவங்களைத் தாங்கும் சில்லு ஒன்று, மூன்று குரல்களில் இசை எழுப்பும் சில்லு மற்றொன்று. பாப் யானஸ் என்னும் பொறியாளர் அமைத்த அவ்விசைச் சில்லின் ஒலிக்கு இன்றும் உலகெங்கும் அன்பர்கள் உண்டு. இவற்றுக்குச் சற்று முன்னர், 1981-இன் இறுதியில், கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்துக்காக ஒரு கல்விக் கணிப்பொறியைச் செய்து அளித்தது. நம் நடுவணரசு 1984-85-இல் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிப் பயிற்சியைக் கொண்டு சென்றபொழுது, பிள்ளைகளின் கைக்கு வந்தது அந்தப் பி.பி.சி. பொறியே.

இளைஞர்களே, உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியால் எடுத்த ஒரு புகைப்படம் மூன்று மெகாபைட் இருக்குமாயின், அது ஸ்பெக்ட்ரத்தின் முழு நினைவகத்தைப்போல் அறுபது மடங்குக்கும் மேல். அந்த 48 கிலோபைட்டிலும் 6,912 பைட்டைத் திரையே எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில்தான் ஆட்டத்தின் விதி, வீரன், பகைவன், மாளிகை, இசை அனைத்தும் அடங்க வேண்டும்.

இப்பொறிகளின் அமைப்பில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இன்றைய கைப்பேசியை இயக்கினால் ஆயத்தமான படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஸ்பெக்ட்ரத்தை இயக்கினால் வெண்திரையின் அடியில் உரிமைக் குறிப்பு ஒரு வரி, வேறொன்றும் இல்லை. விசையைத் தொட்டவுடன், கட்டளைக்காகக் காத்திருக்கும் எழுத்துக் குறி தோன்றும். ‘என்ன செய்யட்டும்?’ என்று பொறி குழந்தையைக் கேட்கின்றது. பத்தாம் வரியில் ‘என் பெயரை எழுது’ என்றும், இருபதாம் வரியில் ‘பத்தாம் வரிக்குத் திரும்பு’ என்றும் இரண்டே கட்டளைகளை இட்டால் போதும். குழந்தையின் பெயர் திரை முழுதும் நிரம்பி வழியும். தன் சொல்லுக்கு ஒரு பொறி கீழ்ப்படிவதைக் கண்ட குழந்தையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆயத்தமான ஆட்டம் வேண்டுமாயினும் சும்மா கிடைக்காது. வட்டுகள் விலை மிகுந்தவை. ஆகையால் பாட்டுக் கேட்கும் அதே டேப் ரிக்கார்டரும் அதே ஒலிநாடாவுமே துணை. ‘ஜே’ என்ற விசையைத் தொட்டால் நாடாவிலிருந்து ஏற்றுக என்னும் கட்டளை முழுச் சொல்லாகத் திரையில் விழும். நாடா ஓடத் தொடங்கியதும் காதைத் துளைக்கும் கீச்சொலி. திரையின் ஓரங்களில் வண்ணக் கோடுகளின் ஓட்டம். ஐந்து நிமிடம் மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். ஒலி சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ, இறுதி நொடியில் அனைத்தும் வீண், மீண்டும் முதலிலிருந்து!

நிரல் ஒலி வடிவில் இருந்தமையால், அதனை வானொலியிலும் அனுப்ப முடிந்தது. வெளிநாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்யக் கடுங்கட்டுப்பாடு இருந்த அந்நாளைய யூகோஸ்லாவியாவில், வோயிஸ்லாவ் அன்டோனிச் என்பவர் 1983-இல் ‘கலாக்சியா’ என்னும் கணிப்பொறியை வடிவமைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் வகையில் அதன் வரைபடத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். பெல்கிரேடு வானொலி கணிப்பொறி நிரல்களைக் கீச்சொலியாகவே ஒலிபரப்பியது. நேயர்கள் அதனை நாடாவில் பதிந்து தம் பொறியில் ஏற்றி ஆடினர். உரிமச் சீட்டுக்கும் தொலைபேசி இணைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம் தலைமுறைக்கு அம்மக்களின் ஆர்வம் நன்கு விளங்கும்.

நாடா வாங்கவும் வழியற்ற பிள்ளைகளுக்குப் பத்திரிகைகள் இருந்தன. ஆட்டத்தின் நிரலைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு வெளியிடுவார்கள். அதனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட வேண்டும். ஓர் எண் பிழையானாலும் ஆட்டம் ஓடாது. எங்கே பிழை என்று தேடும்பொழுதுதான், இந்த வரி எதற்கு, அந்த எண் எதற்கு என்ற வினா எழுகின்றது. வீரனின் உயிர் மூன்று என்றிருப்பதை முப்பது என்று மாற்றினால் என்ன என்ற குறும்பும் எழுகின்றது. அக்குறும்பே கல்வியின் தொடக்கம். பிலிப், ஆண்ட்ரூ ஆலிவர் என்னும் இரட்டையர், முதலில் பத்திரிகைப் பக்கத்தில் தம் நிரலை அச்சில் கண்டு, பின்னர் 1987-இல் ‘டிஸ்ஸி’ என்னும் முட்டை வடிவ வீரனைப் படைத்துப் புகழ் பெற்றனர். ‘மேனிக் மைனர்’ என்னும் இருபது குகைகள் கொண்ட ஆட்டத்தை 1983-இல் எழுதியபொழுது மேத்யூ ஸ்மித்துக்கு அகவை பதினேழு.

இனி, இக்குறுகிய இடத்துக்குள் அவர்கள் காட்டிய திறத்துக்குச் சான்றுகள் சிலவற்றைக் காண்போம். குறள் ஏழே சீர். அந்த ஏழு சீர் வள்ளுவருக்குத் தடையாகவா இருந்தது? அளவு குறுகக் குறுகச் சொல் கூர்மை பெறும் என்பதை அறிந்த மொழி நம் மொழி. ஆகவே பின்வருவன நமக்கு எளிதில் விளங்கும்.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வண்ணங்களே உண்டு. வெள்ளை நிற வீரன் சிவப்பு மரத்தின் அருகே சென்றால், அவன் உடலிலும் சிவப்பு ஏறிவிடும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாட்டின் விளைவு இது. 1984-இல் வந்த ‘நைட் லோர்’ என்னும் ஆட்டத்தைப் படைத்தோர், ஓர் அறைக்கு ஒரே வண்ணம் என்று முடிவு செய்தனர். வண்ணத்தைத் துறந்தனர், அதற்கு மாறாக, அறையின் நீள அகல உயரம் மூன்றையும் சாய்கோணத்தில் காட்டும் ஓவியத்தைத் தந்தனர். கண்டோர் வியந்தனர். பின்னர் வந்த எத்தனையோ ஆட்டங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

ஜப்பானில் எம்.எஸ்.எக்ஸ். என்னும் வகை வீட்டுக் கணிப்பொறிகள் பரவியிருந்தன. ஹிடியோ கொஜிமா என்னும் இளைஞர்க்கு அதன் இரண்டாம் வகைக்காகப் போர் ஆட்டம் ஒன்று செய்யும் பணி வந்தது. திரையில் பல வீரர்களும் குண்டுகளும் ஒருங்கே தோன்றினால் பொறி தாங்காது. போரிட வழியில்லையேல் ஒளிந்து தப்பும் ஆட்டமாக்கினால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1987-இல் வந்த ‘மெட்டல் கியர்’ அவ்வாறு பிறந்ததே. பகைவன் கண்ணில் படாமல் பதுங்கிச் செல்லும் ஆட்டம் என்று இன்று ஒரு தனி வகையே உண்டு. அதற்கு வழி வகுத்தது ஒரு சில்லின் இயலாமை.

இவை எல்லாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது 1984-இல் பி.பி.சி. கணிப்பொறிக்கு வந்த ‘எலைட்’ என்னும் ஆட்டம். டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் எழுதியது. விண்கலத்தில் ஏறி உலகம் விட்டு உலகம் சென்று வாணிகம் செய்யலாம், கொள்ளையரோடு போரிடலாம். எட்டு விண்மீன் மண்டலங்கள். மண்டலத்துக்கு 256 உலகங்கள். ஆக மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஆட்சி முறை உண்டு, விலைவாசி உண்டு. இத்தனையும் 32 கிலோபைட் பொறியில் எங்ஙனம் அடங்கின?

தாய்மார்களே, இதன் விடை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பாட்டிமார் நூறு கோலம் அறிவார்கள். அந்த நூறு கோலத்தையும் அவர்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கின்றார்களா? இல்லை. இத்தனை புள்ளி, இத்தனை வரிசை, இன்னவாறு இழையைச் சுற்றுக என்னும் முறையை மட்டும் நெஞ்சில் வைத்திருக்கின்றார்கள். விடியற்காலையில் வாசலில் அமர்ந்தால் முறையிலிருந்து கோலம் பிறக்கின்றது. பிரேபனும் பெல்லும் செய்தது அதுவே. உலகங்களை அவர்கள் சேமித்து வைக்கவில்லை. ஆறே பைட் அளவுள்ள மூன்று எண்களை வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்த எண்களைப் பெற்று, அந்த எண்களிலிருந்து ஒவ்வோர் உலகத்தின் பெயரையும் இயல்பையும் வேண்டியபொழுது தோற்றுவித்தனர். ஒரே முறை, ஆகவே எத்தனை தடவை சென்றாலும் அதே உலகம் அதே இடத்தில் இருக்கும்.

இவ்வாறு விளையாட்டு வாயிலில் நுழைந்தவர்கள் எங்கே சென்று சேர்ந்தார்கள் என்பதையும் சிறிது காண்போம். பின்லாந்து நாட்டில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த தாத்தா ஒருவர், தம் கொமடோர் கணிப்பொறியில் பேரனைத் தொட்டுப் பழக விட்டார். அப்பேரன்தான் பின்னாளில் லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ். ஐதராபாத்தில் வளர்ந்து மைக்ரோசாப்ட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சத்யா நாதெள்ளா, தமக்குப் பதினைந்து அகவை இருக்கும்பொழுது தந்தையார் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறி ஒன்றைத் தந்ததைத் தம் நூலில் நினைவுகூர்கின்றார். பி.பி.சி. கணிப்பொறியை ஆக்கிய குழுவில் இருந்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் அதன் வெற்றிக்குப்பின் புதிய வகைச் சில்லு ஒன்றை வடிவமைத்தனர். 1985 ஏப்ரலில் அது இயங்கத் தொடங்கியது. ‘ஆர்ம்’ என்னும் அக்குலத்துச் சில்லுகளே இன்று நம் கைப்பேசிகளை இயக்குகின்றன. பிள்ளைகள் கையில் உள்ள கைப்பேசிக்கு அந்தப் பள்ளிக் கணிப்பொறி பாட்டன் முறை ஆகும்!

ஒரு பக்கத்தை மட்டும் கூறி அமைவது அறமாகாது. வீட்டுக் கணிப்பொறி வைத்திருந்த பிள்ளைகள் அனைவரும் நிரல் எழுதினார்கள் அல்லர். பலர் ஆடினார்கள், நாடாவைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவே. அதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. அப்பொறிகளை விற்றவர்கள் அவற்றைப் பையன்களின் பொருளாகவே விளம்பரம் செய்தனர். பல வீடுகளில் பொறி மகனின் அறைக்குச் சென்றது. மகள் வாயிலில் நின்றாள். அமெரிக்காவில் கணிப்பொறியியல் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1984-ஐ ஒட்டி 37 விழுக்காடு வரை உயர்ந்தது. பின்னர் இறங்கி, 2010-ஆம் ஆண்டளவில் 20 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. வீட்டில் பொறியைத் தொட்டுப் பழகிய பையன்களோடு வகுப்பில் போட்டியிட நேர்ந்தது அதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தோர் கூறுவர். திறமைக் குறைவு காரணமன்று. முதன்முதலாகப் படங்களோடு கூடிய துப்பறியும் ஆட்டத்தை 1980-இல் ஆப்பிள் கணிப்பொறிக்குப் புனைந்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் இல்லத்தரசி. நிரலை எழுதியவர் அவர்தம் கணவர். சற்றுமுன் கூறிய சோஃபி வில்சனும் ஒரு பெண்மணியே.

இப்பொழுது நாம் தலை குனிந்த கதைக்கு வருவோம்.

1985-இல் அந்தப் பொறி நம் சங்கத்துக்கு வந்தபொழுது, செயற்குழுவில் இருந்த நாம் கூடி ஆலோசித்தோம். விலையுயர்ந்த பொருள், பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சினோம். விளையாட்டில் மூழ்கினால் தேர்வு மதிப்பெண் குறையும் என்றும் அஞ்சினோம். ஆகவே, ‘கணிதப் பயிற்சிக்கு மட்டும், விளையாடுதல் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆட்ட நாடாக்களை வேறாக எடுத்து வைத்தோம். சாவியைச் செயலாளரிடம் கொடுத்தோம். முதல் ஞாயிறன்று பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பொறி ஒப்பிப்பதைக் கண்டார்கள். அடுத்த ஞாயிறு நால்வர். மூன்றாம் ஞாயிறு ஒரே ஒரு சிறுமி வந்தாள். பத்து அகவை இருக்கும். ‘மாமா, ஒரு பந்து துள்ளுகிற மாதிரி செய்து பார்க்கலாமா?’ என்று கேட்டாள். ‘பெண் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கம்மா? போய்ப் பாட்டு வகுப்பில் உட்கார்’ என்று சொல்லி அனுப்பினோம். பொறி அலமாரிக்குள் சென்றது. சில மாதங்களில் அக்குழந்தையின் தந்தைக்கும் மாற்றல் வந்தது. இன்று அவள் எங்கே இருக்கின்றாளோ, அறியோம். ‘எதற்கம்மா’ என்று நாம் கேட்ட சொல் மட்டும் நாற்பது ஆண்டுகள் கடந்தும் நம் காதில் நிற்கின்றது.

பத்திரமாகப் பூட்டி வைத்தோமே, பொறியாவது பிழைத்ததா? வெள்ளையடித்து முடித்த மாலையில், காலனி இளைஞர்கள் அதனைப் பிரித்துப் பார்த்தனர். விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய தகட்டின் பட்டை காய்ந்து, தொட்டவுடன் முறிந்தது. நாடாக்களில் இரண்டு பூஞ்சணம் பூத்திருந்தன. ஆடித் தேய்ந்திருந்தாலாவது பத்துப் பிள்ளைகளின் மகிழ்ச்சி மிஞ்சியிருக்கும், ஆடாமலே அழிந்தது. ஓலைச் சுவடிகளைப் பூசையறையில் பூட்டி வைத்துச் செல்லுக்கு இரையாக்கிய கதையை, உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையைப் படித்த நாம் அறியாதவர்களா? அறிந்தும் அதே பிழையைச் செய்தோம்.

ஆனால் இளைஞர்கள் சோர்ந்து போகவில்லை. பழைய பொறிகளைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள் இன்று உண்டு என்றும், அவற்றைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியின் திரையிலேயே ஸ்பெக்ட்ரத்தை மீண்டும் இயக்கலாம் என்றும் கூறி, அங்கேயே இயக்கியும் காட்டினர். அதே வெண்திரை, அதே ஒற்றை வரி. அருகில் நின்ற பதினோரு அகவைச் சிறுமி ஒருத்தி, ‘இதில் என்ன ஆட்டம் இருக்கிறது?’ என்று கேட்டாள். ‘நீ செய்வதுதான் ஆட்டம்’ என்றோம். இம்முறை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டோம்.

அவள் எடுத்துக்கொண்டது பல்லாங்குழி. பதினான்கு குழிகளைத் திரையில் வரைவது எளிதாயிற்று. விதியை எழுதத் தொடங்கியபொழுதுதான் சிக்கல் பிறந்தது. குழிக்கு எத்தனை காய்? வெற்றுக் குழியைத் தடவியபின் அடுத்த குழியை மட்டும் எடுப்பதா, எதிர்க் குழியையும் சேர்த்து எடுப்பதா? நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுப்பது யார்? கணிப்பொறி ‘ஏறக்குறைய’ என்பதை ஏற்பதில்லை. திட்டமாகச் சொல் என்கின்றது. சிறுமி தன் பாட்டியைக் கேட்டாள். பாட்டி திருநெல்வேலி வழக்கைச் சொன்னார். அடுத்த வீட்டுத் தஞ்சாவூர் அம்மையார் அது தவறு என்றார். சேலத்து அம்மையார் இருவரையும் மறுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சங்க அறையில் வழக்காடு மன்றமே நடந்தது. ஐந்தாண்டுகளாக நம் கூட்டங்களுக்கு வராத மூதாட்டியர் சிலர், சோழியும் புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தனர். இறுதியில் அச்சிறுமி, ஆட்டம் தொடங்கும்பொழுதே ‘எந்த ஊர் விதி?’ என்று கேட்கும்படி நிரலை மாற்றி எழுதிவிட்டாள்! தமிழ்நாட்டை விடுமுறையில் மட்டுமே கண்ட ஒரு குழந்தை, மூன்று ஊர்களின் வழக்கைக் கேட்டுப் பதிந்து வைத்துவிட்டது. நம் சங்கம் அச்சிட்ட எத்தனை அறிக்கைகள் இதனைச் செய்தன?

அன்பர்களே, நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே. பிள்ளைகள் விளையாடுகின்றார்களா என்று பார்ப்பதோடு நில்லாமல், விளையாட்டின் உட்புறம் அவர்களுக்குத் திறந்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அன்றைய வீட்டுக் கணிப்பொறி எளியது, குறைபாடு மிக்கது. ஆனால் அதன் கதவு உட்பக்கமும் திறந்தது. இன்றைய ஆட்டங்கள் எழில் மிக்கவை. அவற்றுட் பல குழந்தையைத் தொடவும் இழுக்கவும் காசு கேட்கவும் வைக்கின்றன. எப்படிச் செய்தாய் என்று கேட்க விடுவதில்லை. கேம்பிரிட்ஜில் மாணவர் சேர்க்கையில் ஈடுபட்டிருந்த எபன் அப்டன் என்பவர், நிரல் எழுதிப் பழகிய மாணவர் குறைந்து வருவதைக் கண்டு வருந்தினார். அவரும் பிறரும் சேர்ந்து தொடங்கிய முயற்சியால் 2012 பிப்ரவரி 29-இல் ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணிப்பொறி வெளிவந்தது. விலை 35 டாலர். அதன் வகைகளுக்குப் பழைய பி.பி.சி. கணிப்பொறியைப் பின்பற்றியே ‘ஏ’, ‘பி’ என்று பெயர் சூட்டினர். அவருடன் நின்ற நிறுவனருள் ஒருவர், எலைட் ஆட்டத்தைச் செய்த அதே டேவிட் பிரேபன். தாம் நுழைந்த வாயிலைப் பின் வருவோர்க்கும் திறந்து வைத்தல் சான்றோர் கடமை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நாமும் உணர்வோமாக. செயற்குழுவின் ஒப்புதலோடு மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றோம். முதலாவது, இனி ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க அறை பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். சிறுவர் சிறுமியர் இருபாலார்க்கும் முறை வைத்துச் சமமாக இடம் உண்டு. சுவரில் ஒட்டிய அந்தத் தாள் அகற்றப்பட்டுவிட்டது. இரண்டாவது, பெற்றோர்கள் ஆட்டத்தைத் தடுக்குமுன் ஒரு முறை அருகில் அமருங்கள். ‘இதனை நீ செய்வதாயின் எப்படிச் செய்வாய்?’ என்று ஒரு வினா கேளுங்கள். விடை கூறக் குழந்தை தயங்கினாலும் வினா அதன் உள்ளத்தில் நிற்கும். மூன்றாவது, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணிப்பொறியோ, நாடாவோ, நிரல் அச்சிட்ட பத்திரிகையோ இருப்பின் பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் சங்கத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

பழுதுற்ற அந்த ஸ்பெக்ட்ரத்தை நாம் எறியவில்லை. புதிய விசைத் தகடு ஒன்றைத் தருவித்துப் பொருத்த இளைஞர்கள் முயன்று வருகின்றனர். இன்று அது மண்டப வாயிலில், பல்லாங்குழிப் பலகைக்கு அருகில், மேசைமேல் இருக்கின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று சிலர் கூறினர். வேண்டாம் என்றோம். குழந்தைகளே, போகும்பொழுது அதனைத் தொட்டுப் பார்த்துச் செல்லுங்கள்.